ரோபோ சிறுமி விக்கி: 'ஸ்மால் வொண்டர்' இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறதா?

சிவப்பும் வெள்ளையும் கலந்த கவுன். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். முதுகில் ஒரு மூடி, அதைத் திறந்தால் உள்ளே எலெக்ட்ரானிக்ஸ். 90களில் கேபிள் டிவி பார்த்து வளர்ந்தவர் என்றால், 'ஸ்மால் வொண்டர்' விக்கியை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

இப்போது ஏஐ சாட்பாட்டும் பேசும் பொம்மையும் நம்ம வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. இந்த நேரத்தில் அந்தப் பழைய தொடரை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்? எது இன்னும் நிற்கிறது, எது பழசாகிவிட்டது?

என்ன தொடர் இது?

ஹோவர்ட் லீட்ஸ் உருவாக்கிய அமெரிக்க சிட்காம் இது. 1985 செப்டம்பரில் தொடங்கி 1989 மே வரை 4 சீசன்கள், 96 எபிசோடுகள் ஒளிபரப்பானது. டெட் லாசன் ஒரு ரோபோ பொறியாளர். 10 வயதுச் சிறுமி போலவே இருக்கும் ஒரு ரோபோவைச் செய்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார். குடும்பத்தோடு இருந்தால் அது மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. 'வாய்ஸ் இன்புட் சைல்ட் ஐடென்டிகன்ட்' என்ற நீளமான பெயரின் சுருக்கம்தான் 'விக்கி'. வெளியாட்களுக்கு அவள் தத்துப் பிள்ளை. பக்கத்து வீட்டு பிரிண்டில் குடும்பம் உண்மையைக் கண்டுபிடித்துவிடாமல் சமாளிப்பதுதான் வாராவாரம் கதை.

இந்தியாவில் ஸ்டார் பிளஸ் சேனல் இதை இந்தியில் டப் செய்து ஒளிபரப்பியது. அந்த வரவேற்பில்தான் 2003-ல் அதே சேனலில் ஜனக் சுக்லா நடித்த 'கரிஷ்மா கா கரிஷ்மா' வந்தது.

சிரிப்பு இன்னும் வருதா?

நேர்மையாகச் சொன்னால், பாதிக்குப் பாதி கூட வராது. அமெரிக்காவின் மோசமான சிட்காம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தத் தொடர் பெரும்பாலும் அதில் இருக்கும். செட் மலிவு, தந்திரக் காட்சிகள் அதைவிட மலிவு. ஜோக் முடிந்ததும் பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலி வேறு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ரோபோ வளராது, ஆனால் விக்கியாக நடித்த டிஃபனி பிரிசெட் வளர்ந்துகொண்டே போனார். கடைசியில் 3வது சீசனில், டெட் அவளுக்கு 'அப்கிரேட்' செய்கிறார் என்று கதையிலேயே சொல்லி முகத்தையும் உடையையும் மாற்றினார்கள். அதோடு சாப்பிடும் வசதியும் வந்தது!

தொடரின் முக்கிய ஜோக், சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ளும் ரோபோ. தமிழில் யோசித்துப் பாருங்கள்: "சரி, கடையைக் கட்டு" என்றால் கயிறு தேடும். "கொஞ்சம் காது கொடுத்துக் கேள்" என்றால் காதைக் கழற்றி நீட்டும். இந்த ஜோக்கின் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இன்றைய ஏஐ மாடல்களுக்குப் பேச்சு வழக்கு பெரும்பாலும் புரிகிறது. விக்கி தப்பு செய்தால் உடைந்த பாத்திரமே காட்டிக்கொடுக்கும். சாட்பாட் தப்பாகச் சொன்னால், அதையும் சரளமாகச் சொல்வதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

அலமாரிக்குள் ஒரு பெண் குழந்தை

இன்று பார்க்கும்போது அதிகம் உறுத்துவது இதுதான். விக்கி இருப்பது, மகன் ஜேமியின் அறையில் உள்ள ஒரு அலமாரிக்குள். வேலை இருந்தால் வெளியே வருவாள், முடிந்ததும் உள்ளே போவாள். வீட்டு வேலை செய்வாள், ஜேமி சொல்வதையெல்லாம் கேட்பாள். சம்பளம் கிடையாது, மறுப்பும் கிடையாது. ரோபோதானே என்று கதை கடந்து போகிறது. ஆனால் திரையில் உங்கள் பிள்ளை பார்ப்பது, ஆர்டர் போடும் ஒரு பையனையும் அடிபணியும் ஒரு சிறுமியையும்தான்.

இந்தியச் சூழலில் இதற்கு இன்னும் கனம் அதிகம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது இங்கே 2006 அக்டோபர் 10-ல்தான் தடை செய்யப்பட்டது. 'கரிஷ்மா' ஒளிபரப்பானது அதற்கு 3 ஆண்டுகள் முன்பு. வீட்டு வேலையைப் பெண்ணின் தலையில் கட்டும் பழக்கமும் அப்படியே தொடர்கிறது. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வீட்டு வேலைக்கு ஒரு மெஷின் என்றதும் அதற்குச் சிறுமியின் உருவம் கொடுத்தது ஏன் என்ற கேள்வி தொடரைவிடப் பெரியது.

தொடர் சரியாகக் கணித்தது என்ன?

இரண்டு விஷயங்கள். ஒன்று, மெஷின் மனிதர்களைப் பார்த்தே பழகும் என்பது. வீட்டில் கேட்ட பேச்சை, பார்த்த நடத்தையை விக்கி காப்பியடிப்பாள். நல்லதும் வரும், கெட்டதும் வரும். மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கற்கும் இன்றைய ஏஐ-யும் நம் நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, அந்தத் தட்டையான குரல். விக்கி பாசமாக இருப்பதுபோல் குழைந்து பேசுவதில்லை. எதிரே இருப்பது மெஷின் என்பது ஒவ்வொரு வசனத்திலும் குழந்தைக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். இன்றைய 'கம்பேனியன்' ஆப்கள் இதற்கு நேர் எதிர். நண்பன் மாதிரி, சில சமயம் அதற்கும் மேலே நெருக்கமாகப் பேசுவதற்கென்றே அவை வடிவமைக்கப்படுகின்றன.

யோசிக்காமல் விட்டது என்ன?

லாசன் குடும்பத்தின் பயமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்பதுதான். விக்கியைச் செய்தவர் அந்த வீட்டிலேயே இருந்தார். டெட் வேலை பார்த்த ரோபோ கம்பெனிக்குக்கூட அவளைப் பற்றித் தெரியாது. அவள் கேட்டது, பார்த்தது எல்லாம் வீட்டோடு முடிந்தது. கோளாறு வந்தால் கேள்வி கேட்க அப்பா இருந்தார்.

இன்று தலைகீழ். இணையத்தில் இணையும் பொம்மையிடம் குழந்தை பேசுவது வேறெங்கோ உள்ள சர்வருக்குப் போகலாம். 'மை ஃப்ரெண்ட் கெய்லா' என்ற பேசும் பொம்மையை ஜெர்மனி 2017 பிப்ரவரியில் தடை செய்தது ஞாபகம் இருக்கலாம். பாதுகாப்பில்லாத புளூடூத் வழியாக அருகில் இருப்பவர் குழந்தையின் பேச்சை ஒட்டுக்கேட்க முடியும் என்பதால், அதை மறைமுக உளவுக் கருவி என்றே அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு வகைப்படுத்தியது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் தேவை. சில விலக்குகள் தவிர, குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. ஆனால் பெற்றோர் படிக்காமலேயே 'ஓகே' அழுத்தினால் அந்த ஒப்புதலுக்கு அர்த்தம் இல்லை.

அப்போ, பார்க்கலாமா?

பார்க்கலாம். நகைச்சுவையாக அது பெரிதாகத் தேறாது. பிள்ளையோடு பேச்சை ஆரம்பிக்க நல்ல சாக்கு. இரண்டு மூன்று எபிசோடுகள் போதும். நடுநடுவே கேளுங்கள்: விக்கி ஏன் அலமாரியில் இருக்கிறாள்? ஜேமி தன் வேலையை ஏன் தானே செய்வதில்லை? நீ சொன்ன ரகசியம் விக்கிக்குத் தெரிந்தால், வேறு யாருக்கெல்லாம் போகும்?

கடைசிக் கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான். பேசும் பொம்மையோ ஆப்போ வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: இணையம் இல்லாமல் அது வேலை செய்யுமா? குரல் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? அதை நீங்களே அழிக்க முடியுமா? டப்பாவிலோ, பிரைவசி பாலிசியிலோ இதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால், அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.