குதிரைத்தேர் ஓடிய களம்

தேரோட்டம் என்றதும் வடம்பிடித்து இழுக்கும் கோயில் தேரே நம் நினைவில் எழும். நான் சொல்லப் புகுவது நான்கு குதிரைகள் பூட்டிய பந்தயத் தேரைப் பற்றி. அத்தேர்கள் ஓடிய களமொன்றின் எச்சங்கள் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் உள்ளன. கிழக்கு உரோமப் பேரரசின் தலைநகராய்க் கான்ஸ்டாண்டிநோபிள் என்று விளங்கிய நகரம் அது.

பழைய ஓட்டப்பாதை இன்றைய தரைக்குப் பல அடி கீழே புதைந்துகிடக்கிறது. தென்கோடியில் வளைந்த பெருஞ்சுவர் ஒன்று எஞ்சியிருக்கிறது. தேர்கள் சுற்றிவந்த நடுமேட்டில் மூன்று தூண்கள் நிற்கின்றன. ஒன்று கற்களை அடுக்கிக் கட்டியது. மற்றொன்று, கி.மு. 479இல் பிளாட்டீயாவில் பாரசீகரை வென்ற கிரேக்கர் டெல்பியில் நிறுவிய வெண்கலப் பாம்புத்தூண். தலைகளை இழந்து நிற்கிறது. மூன்றாவது, எகிப்திய மன்னன் மூன்றாம் துட்மோசின் ஒற்றைக்கல் தூண். அதனைப் பேரரசன் தியோடோசியசு கி.பி. 390இல் இங்கே நிறுத்தினான்.

மாணவர்களே, இக்களம் வெறும் விளையாட்டிடம் அன்று. பேரரசனை மக்கள் நேரிற்கண்டு தம் குறையைக் கூவிச் சொல்லக்கூடிய இடமும் இதுவே. மக்கள் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து ஆரவாரித்தனர். கி.பி. 532 சனவரியில் தூக்குமரம் முறிந்ததால் உயிர்தப்பிய இரு குற்றவாளிகளுள் ஒருவன் நீலம், மற்றவன் பச்சை. இருவரையும் மன்னிக்குமாறு கட்சிகள் வேண்டின. பேரரசன் ஜஸ்டினியன் இணங்கவில்லை. பகைத்திருந்த கட்சிகள் ஒன்றாயின. ‘வெல்க’ எனப் பொருள்படும் ‘நீக்கா’ என்னும் முழக்கம் எழுந்தது, நகரம் பற்றியெரிந்தது. வேறொருவனுக்கு முடிசூட்டினர். தப்பியோட எண்ணிய ஜஸ்டினியனை அரசி தியோடோரா தடுத்து நிறுத்தினாள். தளபதி பெலிசாரியசும் பிறரும் வாயில்களை அடைத்து உட்புகுந்தனர். அன்று மாண்டவர் 30,000க்கு மேல் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரொகோபியசு எழுதுகிறார். பந்தயம் பார்க்க அமரும் படிகளிலேயே அவர்கள் மடிந்தனர்!

அப்படிகள் இன்று இல்லை. அவற்றில் அமர்ந்த மக்களின் சாயலைக் காண விரும்பினால், எகிப்தியத் தூணின் பீடத்தைப் பார்க்கவேண்டும். மேலே வெற்றிமாலையை ஏந்திய பேரரசன். அவன் காலடியில் வரிசை வரிசையாகச் சிறு தலைகள். அப்பீடத்தில் இரு மொழிக் கல்வெட்டுகள் உள்ளன. தூணை நிறுத்த 30 நாள் ஆயிற்று என்கிறது இலத்தீன். 32 நாள் என்கிறது கிரேக்கம். கல்லில் வெட்டிய சான்றும் தம்முள் மாறுபடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. பணியை நடத்திய நகர ஆளுநர் புரொக்ளசு சில ஆண்டுகளில் அரசின் சினத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவர் பெயர் கல்லிலிருந்து செதுக்கி நீக்கப்பட்டது. பின்னர் மறுபடியும் பொறிக்கப்பட்டது. அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது.