காவல் நாய்க்கு அடையாள வில்லை: தேர்வு செய்வதும் கட்டுவதும்

மாட்டுக்குக் காதுவில்லை போட்டு, 12 இலக்க எண்ணைப் பதிவு செய்து வைக்கிறோம். ஆனால் அந்த மாட்டையும் பட்டி ஆட்டையும் இரவெல்லாம் காவல் காக்கும் நாய்க்குப் பெரும்பாலான தோட்டங்களில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. தீபாவளி வெடிச் சத்தத்திலோ, கோடை இடியிலோ மிரண்டு ஓடும் நாய் இரண்டு ஊர் தாண்டிவிட்டால், அங்குள்ளவர்களுக்கு அது தெருநாய்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என எந்த இனமாக இருந்தாலும் இதே நிலைதான். கழுத்தில் ஒரு கைபேசி எண் இருந்தால், பார்த்தவர் அந்த இடத்திலிருந்தே உங்களை அழைத்துவிடலாம். வில்லையின் வேலை இவ்வளவுதான். எனவே அழகைவிட, எழுத்து அழியாமல் இருக்குமா, வில்லை கழன்று விழாமல் இருக்குமா என்ற இரண்டை மட்டும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

எந்த உலோகம் நல்லது?

எவர்சில்வர்: தோட்டத்து நாய்க்கு மிகவும் ஏற்றது. துருப்பிடிக்காது, வளையாது, வாய்க்கால் தண்ணீரில் நனைந்தாலும் பாதிப்பில்லை.

பித்தளை: உறுதியானது, எழுத்து ஆழமாகப் பதியும். நாளடைவில் கறுக்கும். புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து மீண்டும் தெளிவாகும்.

அலுமினியம்: எடை குறைவு என்பதால் குட்டிகளுக்கும் சிறிய நாய்களுக்கும் போதும். கல்லிலும் முள்ளிலும் உரசும் நாய்க்கு விரைவில் தேய்ந்துவிடும்.

பிளாஸ்டிக்: விலை குறைவு. நாய் கடித்தால் உடையும், வெயிலில் வெளுக்கும். தற்காலிகமாக மட்டும் பயன்படுத்தலாம்.

எழுத்து அச்சிட்டதாக இருக்கக் கூடாது, வெட்டியதாக இருக்க வேண்டும். இதற்கு நகரத்துக் கடையைத் தேட வேண்டியதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரும் பாத்திரக் கடையிலேயே, பத்து ரூபாய் நாணய அளவுள்ள (சுமார் 27 மி.மீ.) தகட்டில் எண்ணை வெட்டி வாங்கிக்கொள்ளலாம். தகட்டின் ஓரம் கூர்மையாக இல்லாமல் ராவிவிடச் சொல்லுங்கள்.

தொங்கும் வில்லையா, பதித்த தகடா?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வளையத்தில் தொங்கும் வில்லைகள். வீட்டு நாய்க்கு அது போதும். ஆனால் கம்பி வேலியிலும் சீமைக்கருவேல் புதரிலும் நுழைந்து வரும் நாய்க்குத் தொங்கும் வில்லை மாட்டிக்கொள்ளும், அல்லது பிய்ந்து விழும். அப்படிப்பட்ட நாய்க்கு நீளவாக்கிலான தகட்டைக் கழுத்துப் பட்டையின் மேலேயே இருபுறமும் ரிவிட் அடித்துப் பதிப்பதே பாதுகாப்பு. செருப்பு, பை தைப்பவரிடம் கொடுத்தால் செய்து தருவார். ரிவிட்டின் உள்முனை தோலைக் குத்தாதபடி உட்பக்கம் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துவிட வேண்டும்.

தொங்கும் வில்லைதான் என்றால், எஸ் வடிவக் கொக்கியைத் தவிர்க்கவும். இழுபடும்போது அது விரிந்துவிடும். சாவிக்கொத்தில் இருக்கும் இரட்டைச் சுற்று வளையமே நல்லது.

என்ன எழுத வேண்டும்?

• முதலில் கைபேசி எண். இடம் இருந்தால் வீட்டில் இன்னொருவரின் எண்ணும் சேர்க்கவும்.
• அடுத்து ஊர்ப் பெயர்.
• பின்பக்கத்தில் 'வெறிநோய்த் தடுப்பூசி' என்ற சொல்லும் கடைசியாகப் போட்ட ஆண்டும்.

எண் பெரிதாக இருக்க வேண்டும். அறிமுகமில்லாத நாயின் முகத்தருகே போய்ப் படிக்க யாரும் துணிய மாட்டார்கள். நாயின் பெயர் கட்டாயமில்லை. நல்ல இன நாய்கள் திருடு போகும் பகுதியில், பெயர் சொல்லிக் கூப்பிட வழி கொடுக்காமல் இருப்பதே மேல்.

ஊர் ஊராகக் கிடை போடும் கீதாரிகளுக்கு ஊர்ப் பெயர் பயன்படாது. அவர்கள் இரண்டு கைபேசி எண்களை வெட்டிக்கொள்ளலாம். சிம் மாற்றினால் வில்லையையும் மாற்ற மறக்கக் கூடாது.

இரவில் பட்டையைக் கழற்றாதீர்கள்

பகலில் கட்டி வைத்து, இரவில் அவிழ்த்து விடும்போது சங்கிலியோடு பட்டையையும் கழற்றிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. நாய் காணாமல் போவது பெரும்பாலும் அவிழ்த்து விட்ட பிறகுதான். எனவே சங்கிலியை மட்டும் கழற்றும்படி கொக்கி வைத்த பட்டையைப் பயன்படுத்துங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை பட்டையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தவறினால் பட்டை தோலுக்குள் பதிந்து புண்ணாகும். குளிப்பாட்டும் நாளில் பட்டையின் அடியில் உண்ணியோ புண்ணோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மைக்ரோசிப், ஜிபிஎஸ் தேவையா?

மைக்ரோசிப் என்பது அரிசி அளவில் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தப்படுவது. அதில் 15 இலக்க எண் மட்டுமே இருக்கும். அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. அதைப் படிக்கத் தனிக் கருவியும், எண்ணோடு உங்கள் விவரம் பதிவாகியிருப்பதும் அவசியம். சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற இது கட்டாயம். திருடு போன நாய் உங்களுடையது என்று நிரூபிக்கவும் உதவும். ஆனால் வழியில் நாயைப் பார்ப்பவரிடம் அந்தக் கருவி இருக்காது. எனவே சிப் இருந்தாலும் வில்லை வேண்டும்.

ஜிபிஎஸ் கருவிக்கு அடிக்கடி சார்ஜ் ஏற்ற வேண்டும், கைபேசி சிக்னலும் வேண்டும். புளூடூத் வில்லை, அருகில் கைபேசிகள் இருக்கும் இடத்தில்தான் பயன்படும். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் பலனில்லை. கியூஆர் குறியீட்டில் கீறல் விழுந்தால் படிக்க முடியாமல் போகலாம். அதைப் போட்டாலும் எண்ணைத் தனியாக வெட்டிவிடுங்கள்.

கடி நேர்ந்தால்

வில்லையின் முக்கியமான பயன் இங்கேதான். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், அது யாருடைய நாய், தடுப்பூசி போட்டதா என்பது உடனே தெரிய வேண்டும். அப்போதுதான் நாயைக் கட்டி வைத்து 10 நாட்கள் கண்காணிக்க முடியும். கடிபட்டவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

ஆகவே வில்லையும் வெறிநோய்த் தடுப்பூசியும் சேர்ந்தே இருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் ஊசி. ஊசி போடப் போகும் நாளில் வில்லையின் எழுத்து தெளிவாக இருக்கிறதா, எண் சரியா, வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒருமுறை சோதனையும் முடிந்துவிடும். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.