பற்களைக் கட்டிய தங்கக் கம்பி

 

மிஸ்வாக்கின் சிறப்பை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையாகவே ஆக்கியிருப்பார்கள் என்ற கருத்திலமைந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது. இவ்வுலகைவிட்டுப் பிரியும் வேளையில்கூட அண்ணலாரின் பார்வை, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையிலிருந்த மிஸ்வாக் குச்சியின் மீது சென்றது. குறிப்பறிந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை வாங்கி, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். அந்த நிலையிலும் பெருமானார் (ஸல்) அவர்கள் பல் துலக்கினார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆனால் இன்று நம் வீடுகளில் எழும் கேள்வி வேறு. பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அரியலூர்ப் பகுதிக் குடும்பங்களிலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல் எடுப்பாக இருக்கிறது, கிளிப் போடலாமா என்று தாய் கேட்கிறாள். வளைகுடாவில் உழைக்கும் தந்தை, எவ்வளவு செலவாகும் என்று தொலைபேசியில் வினவுகிறார். மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியோ, அல்லாஹ் படைத்ததை மாற்றுவது ஹராம் அல்லவா என்கிறார். மூவருடைய கேள்வியும் நியாயமானதே. இவற்றுள் பாட்டியின் கேள்வியை முதலில் எடுத்துக் கொள்வோம். ஏனெனில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்கள், அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறவர்கள் என்று சாபத்திற்குரியவர்களாகக் கூறப்பட்டிருப்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பாட்டியின் மனத்தில் இருப்பது இந்த ஹதீஸ்தான். அக்காலத்தில் நடந்தது என்ன? இளம்பெண்ணின் முன்பற்களுக்கிடையே இயல்பாகச் சிறு இடைவெளி இருக்கும். வயது ஏற ஏற அது மறையும். முதுமையை மறைக்க விரும்பியோர் நல்ல பற்களையே அரத்தால் தேய்த்து அந்த இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்கினர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதுகையில், அழகுக்காக என்ற சொல்லைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சிகிச்சைக்காகவோ, பல்லில் உள்ள குறையை நீக்குவதற்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்பது அவர்களின் தீர்ப்பு. ஆகவே மருத்துவக் காரணம் உண்டா, இல்லையா என்பதே முதலில் தீர வேண்டிய வினா.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் தம் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்கு உத்தரவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இது உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட மார்க்கத்தில், உடற்குறையைச் சீர்செய்ய அதே தங்கம் அனுமதிக்கப்பட்டது! ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாமா என்ற விவாதத்தை ஃபிகஹு அறிஞர்கள் இதிலிருந்தே தொடங்கினர். வெள்ளியால் கட்டலாம், தங்கம் கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தங்கமும் கூடும் என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்). எந்த உலோகம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. பல்லைக் கட்டிக் காப்பாற்றலாம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

சட்ட நூல்களில் இவ்விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்பெயினில் ஒரு முஸ்லிம் மருத்துவர் அதனைத் தம் கையாலேயே செய்து காட்டினார். குர்துபாவுக்கு அருகிலுள்ள அஸ்ஸஹ்ரா நகரில் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) அவர்களைத்தான் குறிப்பிடுகிறேன். அவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகள் கொண்டது. அறுவைச் சிகிச்சையைப் பற்றிய கடைசிப் பகுதியில் பற்களுக்கெனத் தனி அத்தியாயங்கள் உண்டு. பற்காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளைப் பல வடிவங்களில் வரைந்து காட்டுகிறார். பற்களின் உட்புறத்திற்கு ஒரு வடிவம், வெளிப்புறத்திற்கு ஒரு வடிவம், இடுக்குகளுக்கு வேறொன்று. வரிசை தப்பி முன்னே நீண்ட பல்லை அராவும் முறையையும், அடிபட்டு ஆடும் பற்களைக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையையும் படத்துடன் விளக்குகிறார். வெள்ளிக் கம்பி சில நாட்களில் பழுதடைந்துவிடும், தங்கமே மாறாதிருக்கும் என்பது அவரது பரிந்துரை. அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டுதலும் இதுவேயன்றோ! விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைப்பதையும் எழுதியுள்ளார். கிரிமோனா ஜெரார்டு என்பவர் 12ஆம் நூற்றாண்டில் இந்நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் இதனைப் பயின்றனர். பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்சு நாட்டுப் பியர் ஃபோஷார், பல்வரிசையை விரிக்கும் உலோகப் பட்டையைப் பற்றித் தம் நூலில் எழுதியது 1728இல்தான். பல் சீரமைப்பைத் தனித் துறையாக்கிய அமெரிக்கர் எட்வர்டு ஆங்கிள் தமது பள்ளியைத் தொடங்கியதோ 1900இல்.

நம் காலத்து உலமாக்களும் இதனை ஆராயாமல் விடவில்லை. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிகஹு அகாடமியின் 18ஆம் அமர்வு, அழகுச் சிகிச்சைகளைப் பற்றி விரிவான தீர்மானம் நிறைவேற்றியது. பிளவுபட்ட உதடு, கடுமையாகக் கோணிய மூக்கு, அதிகப்படியான விரல், பல் போன்ற பிறவிக் குறைகள் உடலுக்கோ மனத்திற்கோ குறிப்பிடத்தக்க துன்பம் தருமானால் அவற்றைச் சீர்செய்யலாம் என்று அது கூறுகிறது. மனத்துன்பத்தையும் அறிஞர்கள் கணக்கில் எடுத்திருப்பதைக் கவனியுங்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசும் பெண்பிள்ளையை நாம் அறிவோம். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைக் குறை சொல்லிச் சென்ற வீடுகளையும் அறிவோம். (அப்படிச் சொல்லிவிட்டுச் செல்வோர், படைப்பைப் பழிப்பது யாரைப் பழிப்பது என்று ஒரு கணம் எண்ணுவதில்லை. அது வேறு கட்டுரைக்குரிய செய்தி.)

அடுத்த கேள்வி, யாரிடம் செல்வது என்பது. மருத்துவம் கற்றறியாமல் மருத்துவம் செய்து ஒருவருக்குத் தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஹதீஸ் உள்ளது. இந்த நபிமொழியின் கருத்தை இந்தியாவில் நாட்டுச் சட்டமாக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் 1890 டிசம்பர் 24இல் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர். அலிகரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான பல் மருத்துவ மனையில் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியபோது, இந்நாட்டில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிகூட இல்லை. 1920இல் கல்கத்தாவில் தாமே ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் அவர் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாய்! இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி நடந்தது என்பதை எண்ணிச் சிரிக்கத் தோன்றும். 1925இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழையும் தொடங்கினார். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததிலும், 1948இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் பிறந்ததிலும் அவரது உழைப்பு உண்டு. 1949இல் தம் கல்லூரியை அரசுக்கே கொடுத்துவிட்டார். மேற்கு வங்க அமைச்சராகவும் இருந்து, 1964இல் பத்மபூஷண் பெற்று, 1965இல் மறைந்தார். அவரது பிறந்த நாள் இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கல்கத்தாக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், பல் மருத்துவம் செய்வோர் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்றது. படிப்பில்லாமல் பல்லாண்டுகளாக அத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டிருந்தோரை வீதியில் விடாமல், அவர்களுக்கெனப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது. அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது. இன்று பட்டமும் பதிவும் இல்லாமல் அப்பா செய்தார், நானும் செய்கிறேன் என்று கிளிப் போடுகிறவருக்குச் சட்டத்தில் இடமில்லை. பழைய சட்டத்திற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. தகுதியுள்ளவர் அதை மகிழ்ச்சியோடு காட்டுவார்.

இப்போது நம் மாவட்டங்களுக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் மேடுகளில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாமீன்களின் பற்கள் கிடைத்திருப்பதை அறிவீர்களா? ஒருகாலத்தில் இவ்விரு மாவட்டங்களின் மீதும் கடல் பரந்திருந்தது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்றதே. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு ஆகையால் அது பெரும்பாலும் மக்கிப்போயிற்று. பல் நிலைத்தது. பல்லின் மேலுறை அத்தனை உறுதியானது. மனித உடலிலும் அதுவே மிகக் கடினமான பொருள். ஆனால் ஒரு வேறுபாடு. சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் புதுப்பல் முளைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு இரண்டே முறை: பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. தேய்ந்த மேலுறை மீண்டும் வளராது. ஆகவே செங்கல் பொடியும் சாம்பலும் அடுப்புக்கரியும் கொண்டு பல்லைத் தேய்ப்பதை இனியாவது விட வேண்டும். நம் முன்னோர் நம்பிய ஆலங்குச்சியும் வேலங்குச்சியும், அரபுநாட்டு மிஸ்வாக்காகிய உகாய்க் குச்சியும் மென்று மிருதுவான தூரிகையாக்கிய பின்னரே பல்லில் படுபவை. பொடியைப் போல் அவை பல்லை அராவுவதில்லை.

கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால் பாதி அச்சம் நீங்கும். பல் எலும்பில் அசையாமல் அறையப்பட்டதன்று. மெல்லிய நார்களால் குழியில் தாங்கப்பட்டிருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புதிதாகப் படிகிறது. பல் நகர்கிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் எலும்பின் இயல்பை மறந்து பேசுகிறார். அளவு மீறி அழுத்தினால் வேரே கரையும். ஆகவேதான் முதலில் எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்து, தாடையை அளந்து பார்க்கிறார்கள். எக்ஸ்ரே இன்றி முதல் நாளே கம்பி ஒட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பி.டி.எஸ். பட்டத்திற்கு மேல் மூன்றாண்டுகள் இத்துறையிலேயே எம்.டி.எஸ். பயின்றவரே பல் சீரமைப்பு நிபுணர். நல்ல பற்களை எடுக்க வேண்டுமென்றால் எத்தனை, ஏன் என்று கேளுங்கள். இடநெருக்கடிக்காகச் சில வேளைகளில் எடுக்கத்தான் வேண்டும். ஆயினும் மறுபடி முளைக்காத பொருளாகையால், இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

பிள்ளையை எப்போது காட்டுவது? ஏழு வயதளவில் ஒருமுறை காட்டுங்கள் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. உடனே கிளிப் போடுவதற்கன்று. விரல் சூப்புதல், வாயால் மூச்சு விடுதல், சொத்தையால் பால்பல்லை உரிய காலத்துக்கு முன்பே இழத்தல் ஆகியவற்றைக் கண்டு தடுப்பதற்கு. விழப்போகிற பல்தானே என்று பால்பல் சொத்தையை விட்டுவிடுகிறோம். அது காத்துவைத்த இடத்தைப் பக்கத்துப் பல் சாய்ந்து பிடித்துக்கொள்ள, நிலைப்பல் வரிசை தப்பி முளைக்கிறது. அரசு மருத்துவமனையில் அடைத்திருக்க வேண்டிய ஒரு சிறு குழிக்காகப் பிற்காலத்தில் பெருந்தொகை செலவாகிறது.

தொலைவையும் கணக்கிட வேண்டும். மாதம் ஒருமுறை செல்லாமல் இச்சிகிச்சை இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி இவ்விரு மாவட்டங்களிலும் இல்லை. ஜெயங்கொண்டம் பக்கத்தாருக்குச் சிதம்பரம் கல்லூரி எட்டும் தொலைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த அது இப்போது அரசுடையது. பெரம்பலூர்க்காரர் திருச்சிக்கு நிபுணரைத் தேடிச் சென்றாலும், 2023இல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்ட அரசுக் கல்லூரிக்குச் சென்றாலும் பேருந்தையே நம்ப வேண்டும். தேர்வும் மழையும் பார்த்து இரண்டு ஆண்டுகள் அலைய முடியுமா என்று வீட்டில் கலந்து பேசிய பின்னரே தொடங்குங்கள். பாதியில் விட்ட கிளிப்பின் அடியில் அழுக்குச் சேர்ந்து பல் அரிப்பதைக் காட்டிலும் எடுப்பான பல்லே மேல். அலைச்சலுக்கு அஞ்சி, வீட்டுக்கே அஞ்சலில் அச்சு வரவழைத்துப் பல் நேராக்கும் விளம்பரங்களிலும் விழ வேண்டாம். அமெரிக்காவில் இவ்வகையில் பெரிதாக விளங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவிலிருந்தவர்கள் கேட்பாரின்றி நின்றனர்.

கடைசியாக, பலர் கூச்சத்தால் கேட்காமல் விடும் மஸ்அலா ஒன்று. ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. ஷாஃபியீ மத்ஹபில் அது சுன்னத். ஒட்டப்பட்ட கிளிப்பைக் கழற்ற இயலாது என்பதால் அதனுடனேயே நன்கு கொப்பளித்தால் போதும் என்று இக்கால உலமாக்கள் விளக்கியுள்ளனர். ஆனால் சிகிச்சை முடிந்தபின், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தடுக்க ஒரு தகடு தருவார்கள். அது எளிதில் கழற்றி மாட்டக்கூடியது. குளிப்பின்போது அதைக் கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும். கழற்றியதைக் கழுவி, மறவாமல் மீண்டும் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாண்டு அலைந்து பெற்ற பல்வரிசை, அந்தத் தகட்டை அலமாரியில் மறந்த சில மாதங்களிலேயே கலையத் தொடங்கிவிடும்.