பழைய நகை, நாணய விற்பனை

பழைய நகை, நாணய விற்பனை என்பது தனிமனிதர் ஒருவர் தம்மிடமுள்ள தங்க, வெள்ளி அணிகலன்களையோ நாணயங்களையோ வணிகரிடம் கொடுத்து, அவற்றுக்கு ஈடாகப் பணமோ புதிய நகையோ பெறுவதாகும். இக்கட்டுரை இந்தியாவில், சிறப்பாகத் தமிழ்நாட்டில் உள்ள நடைமுறையை விளக்குகிறது. மருத்துவச் செலவு, கல்விக் கட்டணம் போன்ற நெருக்கடிகளில் நகைகள் விற்கப்படும்போது, விற்பவருக்குப் பல கடைகளை விசாரிக்கும் அவகாசம் இருப்பதில்லை. எனினும் நகைக்குக் கிடைக்கவேண்டிய தொகையை மாற்று, நிகர எடை, அன்றைய விலை, வணிகர் செய்யும் கழிவு ஆகிய நான்குமே முடிவு செய்கின்றன. இவற்றை அறிந்தவர் கடைக்குச் செல்லுமுன் தாமே கணக்கிட்டுக்கொள்ள இயலும்.

அளவைகள்

தங்கத்தின் தூய்மை மாற்று எனப்படும். முழுத்தூய்மை 24 காரட் ஆகும். 22 காரட் தங்கத்தில் 1000 பங்குக்கு 916 பங்கு தூய தங்கம் உள்ளதால் அது '916' என்று குறிக்கப்படுகிறது. 18 காரட்டின் குறியீடு 750 ஆகும். தமிழ்நாட்டு வழக்கில் ஒரு பவுன் அல்லது சவரன் என்பது 8 கிராம். இப்பெயர் பிரித்தானியச் சவரன் நாணயத்திலிருந்து வந்தது. அந்நாணயத்தின் எடை 7.988 கிராம், அதிலுள்ள தூய தங்கம் ஏறத்தாழ 7.32 கிராம்.

மாற்று அறியும் முறைகள்

* உரைகல்: நகையைக் கருங்கல்லில் உரைத்து, கோட்டின் நிறத்தையும் அமிலம் இட்டபின் அது மாறும் விதத்தையும் மாற்றுத் தெரிந்த கோடுகளுடன் ஒப்பிடுவர். இக்கல் கட்டளைக்கல் எனவும்படும். இது விரைவான முறை. ஆனால் முடிவு உரைப்பவரின் பயிற்சியைச் சார்ந்தது.
* எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி: சில நொடிகளில் உலோகங்களின் விழுக்காட்டைக் காட்டும். நகைக்குச் சேதமில்லை. மேற்பரப்பை மட்டுமே அளப்பதால் கனத்த முலாம் பூசிய பொருளில் ஏமாற்றக்கூடும்.
* அடர்த்திச் சோதனை: தங்கத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம். டங்ஸ்டனின் அடர்த்தியும் ஏறத்தாழ இதுவே ஆதலால், அதை உள்ளே வைத்த போலிகளை இம்முறை மட்டும் கொண்டு கண்டறிய இயலாது.
* நெருப்புச் சோதனை: சிறு மாதிரியை ஈயத்துடன் உருக்கிப் பிற உலோகங்களை நீக்கி, கலந்துள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தால் பிரித்து, எஞ்சிய தங்கத்தை நிறுக்கும் முறை. இதுவே மிகத் துல்லியமானது.

விலைக் கணக்கீடு

எடுத்துக்காட்டாக, 16 கிராம் எடையுள்ள ஒரு நகையில் கல், அரக்கு ஆகியவை 1 கிராம் எனில் நிகர எடை 15 கிராம். அது 22 காரட் எனில் தூய தங்கம் 15 × 0.916 = 13.74 கிராம். சோதனையில் 20 காரட் என்று வந்தால் 15 × 0.833 = 12.5 கிராம் மட்டுமே. கணக்கு எளிமைக்காகத் தூய தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று கொண்டால், முதல் மதிப்பு 1,37,400 ரூபாய். இரண்டாவது 1,25,000 ரூபாய்.

ஒரே காரணத்துக்காக இருமுறை கழிப்பது விற்பவருக்கு இழப்பை உண்டாக்கும். பொதுவாக இது இரு வகைகளில் நிகழலாம். முதலாவது, கடைப் பலகையில் உள்ள 22 காரட் விலையை எடுத்துக்கொண்டு அதை மீண்டும் 0.916 ஆல் பெருக்குதல். தூய தங்க எடையைத் தூய தங்க விலையாலும், 22 காரட் நகையின் எடையை 22 காரட் விலையாலும் பெருக்குவதே முறை. இரண்டாவது, உருக்கிய பின் கிடைத்த கட்டியின் எடையைக் கணக்கில் கொண்டு, அதன்மேலும் உருக்கு சேதாரம் கழித்தல். உருக்கும்போது குறைந்த எடை அக்கட்டியின் எடையிலேயே அடங்கிவிட்டது.

பழைய நகைகளில் மாற்றுக் குறைவு

22 காரட் என்று சொல்லி வாங்கிய பழைய நகை, உருக்கியபின் குறைந்த மாற்றில் வருவதுண்டு. நகையின் இணைப்புகளைப் பற்றவைக்க உருகுநிலை குறைந்த கலப்புலோகமாகிய பற்றாசு பயன்படுவது இதற்கு ஒரு காரணம். இணைப்புகள் மிகுந்த சங்கிலியில் குறைவு கூடுதலாகவும், ஒரே வார்ப்பான வளையலில் குறைவாகவும் இருக்கும். பின்னர் காட்மியம் கலந்த பற்றாசு வந்து, அத்தகைய நகைகள் 'கே.டி.எம்.' எனப்பட்டன. காட்மியம் ஆவி உடல்நலத்துக்குக் கேடானது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தங்க நகை முத்திரைத் திட்டம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் 256 மாவட்டங்களில் முத்திரை கட்டாயமாயிற்று. 2021 சூலை முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனிக் குறியீடு இடப்படுகிறது. இக்கட்டாயம் கடைகள் விற்கும் நகைகளுக்கே உரியது. முத்திரையில்லாத பழைய நகையைப் பொதுமக்கள் கடையில் விற்பதற்குத் தடையில்லை. அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தம் நகைகளைச் சோதித்துக்கொள்ளலாம்.

பணமும் மாற்று நகையும்

பழைய நகைக்குப் புதிய நகை பெறுவோருக்குப் பல கடைகள் கழிவின்றி முழு விலை தருகின்றன. ஆனால் புதிய நகைக்குச் செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு சரக்கு சேவை வரி ஆகியவை சேரும். சேதாரம் 12 விழுக்காடு எனில் 16 கிராம் நகைக்கு 1.92 கிராம் தங்கத்தின் விலை கூடுதலாகும். ஆகவே பணமே தேவைப்படுபவருக்கு மாற்றிக்கொள்வது இலாபமன்று.

நாணயங்கள்

நாணயத்துக்கு உலோக மதிப்பு, சேகரிப்பு மதிப்பு என இரு மதிப்புகள் உண்டு. பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், இதில் 91.7 விழுக்காடு, அதாவது சுமார் 10.69 கிராம் வெள்ளி. 1940 இல் வெள்ளி அளவு 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், அதன் பின்வந்தவற்றில் சுமார் 5.83 கிராம் மட்டுமே உள்ளது. எனவே வெள்ளி ரூபாய்களை விற்குமுன் ஆண்டுவாரியாகப் பிரித்தல் வேண்டும். 1939 ஆம் ஆண்டின் ரூபாய் அரிதானது. உலோக மதிப்பைவிடப் பன்மடங்கு விலைபெறுவதால் அதன் போலிகளும் உலவுகின்றன.

நாணயத்தைப் புளியோ பொடியோ இட்டுத் துலக்கினால் சேகரிப்பு மதிப்பு குறையும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த நாணயத்துக்கு உலோக மதிப்பே மிஞ்சும்.

சட்ட விதிகள்

* 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். தனியார் இதனை ஏற்றுமதி செய்ய இயலாது.
* நிலத்தில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.
* ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வணிகர் பொதுவாக அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது. எனவே பெருந்தொகைகள் வங்கிவழியே தரப்படுகின்றன.
* திருட்டுப்பொருள் என அறிந்து வாங்குவது குற்றமாதலால், வணிகர் விற்பவரின் அடையாளச் சான்றைக் கேட்பது வழக்கம்.

விற்பவர் கேட்டுப் பெறவேண்டியவை

நகையைத் தம் கண்ணெதிரே எடையிடுதல், கற்களைத் திரும்பப் பெறுதல், சோதனை முடிவைப் பார்த்த பின்னரே உருக்க இசைதல் ஆகியன இன்றியமையாதவை. உருக்கிய நகையை மீண்டும் நகையாகப் பெற இயலாது; விலை பிடிக்காவிடில் திரும்பக் கிடைப்பது கட்டித் தங்கமே. எடை, மாற்று, விலை, கழிவு ஆகிய நான்கும் தனித்தனியே எழுதப்பட்ட சீட்டைப் பெறுதல் நன்று. மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு கணக்கைச் சரிபார்க்க முடியாது.

இவற்றையும் பார்க்கவும்

* தங்கம்
* உரைகல்
* அடகுக் கடை
* நாணயவியல்