குதிக்கும் மனிதனுக்கு ஒளி கொடுத்தவர்

காலணிக் கடைக்குள் நுழைந்த எவரும் அந்தச் சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். கால்களை அகல விரித்து, இடக்கையில் பந்தை உயர்த்திப் பிடித்து, ஆகாயத்தில் மிதக்கும் ஒரு மனிதனின் கறுப்பு உருவம். முகம் கிடையாது. உடை கிடையாது. பின்னணியும் கிடையாது. ஆனாலும் அது யார் என்று பள்ளி மாணவனைக் கேட்டால்கூட, மைக்கல் ஜோர்டன் என்று சட்டென்று சொல்லிவிடுவான்.

'ஜம்ப்மேன்' என்று அழைக்கப்படும் அந்தச் சின்னத்தைத் தாங்கிய ஜோர்டன் வகைப் பொருட்களின் மூலம் நைக்கி நிறுவனத்துக்கு 2022 நிதியாண்டில் மட்டும் 5 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் வருமானம் கிடைத்தது. ஜோர்டனை அப்படிக் குதிக்கச் சொல்லி முதன்முதலில் படம் பிடித்த புகைப்படக் கலைஞருக்கு, அந்தப் படத்தின் இரண்டு பிரதிகளுக்காக அதே நிறுவனம் 1984ஆம் ஆண்டில் கொடுத்த தொகை 150 டாலர்.

இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே விளையாட்டு விளம்பரப் புகைப்படக் கலையின் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. ஒரு விளையாட்டாளரை விளக்கொளி எப்படி வீரனாக்கிக் காட்டுகிறது, அந்தப் படத்தில் பின்னர் எவற்றையெல்லாம் திருத்துகிறார்கள், முடிவில் அந்தப் படம் யாருக்குச் சொந்தம் ஆகிய மூன்று கேள்விகளும் அதில் உண்டு.

புல்மேட்டில் ஒரு துள்ளல்

1984ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவிருந்தன. அதையொட்டி அமெரிக்க விளையாட்டாளர்கள் பற்றிய படத்தொகுப்பு ஒன்றை 'லைஃப்' சஞ்சிகை வெளியிட முடிவு செய்தது. படம் எடுக்கும் பொறுப்பு கோ ரென்ட்மீஸ்டரிடம் வந்தது.

ரென்ட்மீஸ்டர் நெதர்லாந்தில் பிறந்தவர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் தம் நாட்டுக்காகக் கலந்துகொண்டவர். பின்னர் அமெரிக்கா சென்று புகைப்படத் துறையில் நுழைந்தார். வியட்னாம் போரின்போது பீரங்கி வண்டிக்குள் இருந்த ஒரு படைவீரரை அவர் எடுத்த படம், 1967ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. அந்த விருதை வென்ற முதல் வண்ணப் படமும் அதுதான்.

ஜோர்டன் அப்போது வட கரோலினா பல்கலைக்கழக மாணவர். கூடைப்பந்து விளையாட்டாளரைக் கூடைப்பந்துத் திடலில் வைத்துப் படம் எடுப்பதுதான் வழக்கம். ரென்ட்மீஸ்டர் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார். பல்கலைக்கழக வளாகத்தில் ஆளரவமற்ற ஒரு புல்மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஓர் உயரமான கம்பத்தில் கூடை வைக்கப்பட்டது. எப்படிக் குதிக்க வேண்டும் என்பதையும் ஜோர்டனுக்கு அவரே விளக்கினார். பாலே நடனத்தில் 'கிராண்ட் ஜெட்டே' என்றொரு பாய்ச்சல் உண்டு. ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டி, காற்றில் மிதப்பதுபோல் தாவுவார்கள். அதுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

வலக்கைப் பழக்கமுள்ள ஜோர்டன் இடக்கையில் பந்தை ஏந்திக் குதித்தார். புகைப்படக் கருவி அவருக்குக் கீழே இருந்தது. துள்ளலின் உச்சியில் படம் எடுக்கப்பட்டது. ஆகவே படத்தைப் பார்ப்பவர்கள் ஜோர்டனை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் மேகமில்லாத நீலவானம். வலது கீழ்மூலையில் சூரியன்.

சூரியனோடு போட்டியிட்ட விளக்கு

புகைப்படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். சூரியன் நேராகக் கருவியைப் பார்த்துக் கொண்டிருந்தால், முன்னால் நிற்பவர் கருத்துத்தானே போவார்? ஜன்னல் ஓரம் நிற்பவரைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலே முகம் தெரிவதில்லையே?

உண்மைதான். அந்த வெயிலை மட்டும் நம்பியிருந்தால் ஜோர்டன் முகம் தெரியாத கறுப்பு உருவமாகவே பதிவாகியிருப்பார். ரென்ட்மீஸ்டர் அதற்காகவே சக்திவாய்ந்த 'ஸ்ட்ரோப்' விளக்குகளைப் பயன்படுத்தினார். கருவியின் மூடுதிரையையும் மிக வேகமாகத் திறந்து மூடும்படி அமைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரோப் விளக்குக்கு அதற்கு முன்பே அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1930களில் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் ஹெரல்ட் எட்ஜர்ட்டன் என்ற பொறியியலாளர், மின்சாரத்தைச் சேமித்து வைத்து, கண் இமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைந்த நேரத்தில் ஒளியாகக் கொட்டும் முறையை மேம்படுத்தினார். பறக்கும் துப்பாக்கிக் குண்டும், தெறிக்கும் பால் துளியும் அவருடைய படங்களில் உறைந்து நின்றன. அதே கல்விக்கழகத்தில் படித்த கியோன் மிலி, அந்த உத்தியை 'லைஃப்' சஞ்சிகைக்குக் கொண்டு சென்று நடனக் கலைஞர்களையும் விளையாட்டாளர்களையும் படமாக்கினார். ரென்ட்மீஸ்டர் அந்த வழியில் வந்தவர்.

இதன் நுட்பம் எளிமையானது. மூடுதிரை எவ்வளவு வேகமாக மூடுகிறதோ, அவ்வளவுக்குச் சூரிய வெளிச்சம் குறைவாக உள்ளே வரும், வானம் கருக்கும். ஆனால் ஸ்ட்ரோப் ஒளியோ மூடுதிரை திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் முழுமையாகப் பாய்ந்துவிடும். அதன் அளவு குறையாது. விளைவு என்ன? வானம் அடங்கிப் போகிறது, மனிதன் மட்டும் பளிச்சென்று எழுகிறான்.

இன்று நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் காணும் விளையாட்டாளர் படங்களைக் கவனித்தால் இந்த உத்தி புலப்படும். வானம் இருண்டிருக்கும். ஆளின் தோளும் கையும் மின்னும். பின்புறம் இரண்டு பக்கங்களிலிருந்தும் விளக்கு வைத்தால் தசையின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரியும். தோலில் கிளிசரினும் நீரும் கலந்து தெளித்தால், ஓடாமலேயே வியர்வை வழியும்.

150 டாலரும் 15,000 டாலரும்

'லைஃப்' சஞ்சிகையில் படம் வெளிவந்த சில மாதங்களில் நைக்கி நிறுவனம் ரென்ட்மீஸ்டரைத் தொடர்புகொண்டது. அப்போதுதான் அது ஜோர்டனோடு கைகோத்துப் புதிய காலணி ஒன்றை விற்கத் தயாராகிக் கொண்டிருந்தது. ரென்ட்மீஸ்டர் 150 டாலருக்கு இரண்டு வண்ணப் படச்சுருள் பிரதிகளைக் கொடுத்தார். திரையில் போட்டுக் காட்டும் விளக்கக் கூட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை.

1984இன் கடைசியிலோ 1985இன் தொடக்கத்திலோ, நைக்கி வேறொரு புகைப்படக் கலைஞரை அமர்த்தித் தனக்கென ஒரு படம் எடுத்துக்கொண்டது. அதிலும் ஜோர்டன் கால்களை விரித்துத் தாவுகிறார். அதிலும் பந்து இடக்கையில். ஆனால் இப்போது அவர் சிகாகோ புல்ஸ் குழுவின் விளையாட்டாளர். ஆகவே பின்னணியில் சிகாகோ நகரக் கட்டடங்கள், அந்தி வானம். உடையில் குழுவின் நிறங்கள். காலில் நைக்கி காலணி.

படத்தை விளம்பரப் பலகைகளில் கண்ட ரென்ட்மீஸ்டர் வழக்குத் தொடுக்கப் போவதாக எச்சரித்தார். 1985 மார்ச் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. வட அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் படத்தைப் பயன்படுத்த நைக்கி அவருக்கு 15,000 டாலர் கொடுத்தது. அந்தக் காலக்கெடு முடிந்த பிறகும் படம் பயன்படுத்தப்பட்டதாக ரென்ட்மீஸ்டர் பின்னாளில் குற்றஞ்சாட்டினார்.

1987இல் நைக்கி தன் படத்திலிருந்து ஜோர்டனின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கறுப்பாக்கிச் சின்னமாக அமைத்தது. 1988இல் வெளிவந்த மூன்றாவது ஏர் ஜோர்டன் காலணியில் அந்தச் சின்னம் இடம்பெற்றது.

தூரிகையிலிருந்து கணினிக்கு

படத்தைத் திருத்துவது கணினி வந்த பிறகு தோன்றிய பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காற்றின் விசையால் சாயத்தைத் தெளிக்கும் 'ஏர்பிரஷ்' தூரிகை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. விளம்பர நிறுவனங்கள் பெரிய வண்ணப் பிரதிகளை எடுத்து, வேண்டாத இடத்தில் சாயத்தை வெளுக்கச் செய்து, வேண்டிய இடத்தில் கையால் தீட்டின. ஒரு படத்தைத் திருத்தப் பல நாட்கள்கூட ஆகும். செலவும் அதிகம்.

1990இல் 'ஃபோட்டோஷாப்' மென்பொருள் விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. நாட்கணக்கில் செய்த வேலை நிமிடக்கணக்காயிற்று. திருத்தங்கள் வானத்தோடும் சுவரோடும் நிற்காமல் உடலுக்கும் வந்தன. 2007இல் டென்னிஸ் விளையாட்டாளர் ஆண்டி ரோடிக், ஓர் உடற்பயிற்சி சஞ்சிகையின் அட்டையில் தம் கைகள் பருத்துப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு, அவை தம்முடைய கைகளே அல்ல என்று கேலியாக எழுதினார்.

இத்தகைய திருத்தங்கள் இளையரின் மனத்தைப் பாதிக்கின்றன என்ற கவலை பல நாடுகளில் எழுந்தது. இஸ்ரேல் 2012இல் இதற்குச் சட்டம் இயற்றியது. விளம்பர மாடல்களின் உடல்வடிவம் திருத்தப்பட்டிருந்தால் படத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதியை பிரான்ஸ் 2017இல் நடப்புக்குக் கொண்டுவந்தது. நார்வேயில் இத்தகைய விதி 2022இல் நடப்புக்கு வந்தது.

ஆனால் ஜம்ப்மேன் படத்தை இந்த விதிகளால் பிடிக்க முடியுமா? ஜோர்டனின் உடலை யாரும் பருக்க வைக்கவில்லை. அவர் குதித்தது உண்மை. ஆனால் அவர் விளையாடவில்லை. நைக்கி படத்துக்காக ஓடிவந்து தாவவில்லை, நின்ற இடத்திலிருந்தே குதித்துக் கால்களை விரித்ததாக ஜோர்டனே பின்னர் சொல்லியிருக்கிறார். கோடிக்கணக்கானோர் ஆட்டத்தின் உச்சக்கட்டம் என்று நம்புவது, படத்துக்காகவே அமைக்கப்பட்ட ஒரு நடன நிலை. தோலையும் தசையையும் பற்றிக் கேட்கும் சட்டங்கள் இதைக் கேட்பதில்லை.

நீதிமன்றத்தின் முன் ஒரு துள்ளல்

2015 ஜனவரியில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ரென்ட்மீஸ்டர் நைக்கி மீது வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டில் ஒரிகன் மாநிலத்தின் கூட்டரசு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2018 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிப்படுத்தியது. 2019 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ரென்ட்மீஸ்டரின் படம் மிகவும் அசலானது, அதற்கு விரிவான பாதுகாப்பு உண்டு என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். நைக்கியின் படம் அதைப் பார்த்து உருவானது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு மனிதன் குதிக்கும் நிலையை எந்தப் புகைப்படக் கலைஞரும் தமக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது. கோணம், ஒளி, பின்னணி, படம் எடுத்த கணம் ஆகியவற்றை அவர் தேர்ந்தெடுத்து ஒன்றுசேர்த்த விதத்துக்குத்தான் சட்டப் பாதுகாப்பு. நைக்கி தன் படத்தில் அவற்றைத் தானே வேறு விதமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதில் ஒரு பகுதியை ஏற்கவில்லை. சின்னத்தைப் பொறுத்தவரை அவரும் உடன்பட்டார். ஆனால் இரண்டு புகைப்படங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ஆதாரங்களை விசாரிக்காமல் தொடக்கத்திலேயே முடிவுசெய்யக் கூடாது என்பது அவர் கருத்து.

இந்தத் தீர்ப்பைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். துள்ளல் பொதுச்சொத்து, ஒளியும் அமைப்பும்தான் கலைஞருக்குச் சொந்தம் என்றால், ஒளியையும் அமைப்பையும் மாற்றிவிட்டால் துள்ளலை எவரும் எடுத்துக்கொள்ளலாம். நீலவானம் அந்தி வானமானது, புல்மேடு சிகாகோவானது. அடுத்த கட்டமாக, வானமும் நகரமும் நிறமும் முற்றிலும் நீக்கப்பட்டன. ரென்ட்மீஸ்டர் புல்மேட்டுக்கு விளக்குகளைக் கொண்டு சென்றது ஜோர்டன் கறுப்பு உருவமாகிவிடக் கூடாது என்பதற்காக. கடைசியில் உலகம் முழுவதும் விற்பனையானதோ கறுப்பு உருவம்தான். அவர் கொடுத்த ஒளியில் ஒரு துளிகூட அதில் இல்லை. அவர் பெயரும் இல்லை.

சட்டம் இதில் தவறு செய்துவிட்டது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஒரு பாய்ச்சலுக்கு ஒருவர் உரிமை கொண்டாடினால், நாளை யாரும் எதையும் படம் பிடிக்க முடியாமல் போகும். அதே வேளையில், 150 டாலர் நிபந்தனைத் தாளை எழுதிக் கொடுத்தபோது அந்தத் துள்ளலின் விலை என்னவென்று அதைக் கற்றுக்கொடுத்தவருக்குத் தெரியாமல் போனதும் உண்மை. படத்துறையில் இருக்கும் இளையர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கேட்பவர் பெரிய நிறுவனமாக இருந்தாலும், அறிமுகமானவராக இருந்தாலும், படத்தைக் கொடுக்கும் முன் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த வடிவங்களில் என்று விவரமாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காலணி வாங்கும் பெற்றோர்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. ஜோர்டனின் திறமை உண்மை. அது திடலில் ஆண்டுக்கணக்கான பயிற்சியால் வந்தது. பெட்டியின் மேல் குதிக்கும் மனிதனை உருவாக்கியது வேறொரு கூட்டம்: பாலே நடனத்தை நினைத்துப் பார்த்த ஒருவர், விளக்குகளைப் பொருத்தியவர்கள், இன்னொரு நகரத்தில் மீண்டும் குதிக்க வைத்தவர்கள், எல்லாவற்றையும் அழித்துக் கறுப்பாக்கியவர்கள். அடுத்த முறை அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போது, அதன் பின்னால் ஒரு புல்மேடும் ஒரு நீலவானமும் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.