மிளகுக் கொடியும் சுவா சூ காங்கும்

வள்ளி என்னும் திருப்பெயருக்கே கொடி என்பது பொருள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்டமையால் நம்பிராசன் மகளுக்கு அப்பெயர் அமைந்ததென்பர். கொடியை முருகப் பெருமானின் துணைவியாகப் போற்றும் நாம், நாம் குடியிருக்கும் சுவா சூ காங்கின் பெயரும் கொடிப்பயிரால் வந்ததே என்பதை அறிதல் தகும்.

மிளகு ஒன்று; கேம்பியர் மற்றொன்று. தாம்பூலத்துடன் சேர்க்கும் கத்தக்காம்பு இந்தக் கேம்பியரின் இலைச் சாறே. 1819-இல் ராபிள்ஸ் வந்திறங்கு முன்னரே இத்தீவில் கேம்பியர் தோட்டங்கள் இருந்தன. பின்னர் தியோச்சூ சீனர்கள் ஆற்றோரக் காடுகளை வெட்டி இரண்டையும் சேர்த்துப் பயிரிட்டனர். தோட்டத் தலைவர் 'காங்சூ' எனப்பட்டார். 'சூ காங்' என்பது அவருடைய ஆற்றங்கரைக் குடியிருப்பு. 'சுவா' என்பது குலப்பெயர். லிம் சூ காங், இயோ சூ காங் என்பனவும் அவ்வழி வந்தவையே.

சங்கப் பாடல்களில் 'கறி' எனப்படும் மிளகு, கணுதோறும் வேர்விட்டுப் பற்றி ஏறுவது. அவ்வேர்கள் தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பற்றிக்கொள்வதோடு சரி. தரையில் படரும் தண்டு காய்ப்பதில்லை. மேலேறிய பின் பக்கங்களில் விடும் கிளைகளே காய்க்கும். கேம்பியரோ மலர்க்காம்புகள் வளைந்து அமைந்த கொக்கிகளால் ஏறுவது. தோட்டத்தில் இலைக்காக அடிக்கடி கழிக்கப்படுவதால் புதராகவே நிற்கும். கொடிகள் ஏறும் இவ்வகைகளையெல்லாம் டார்வின் 1865-இல் ஆராய்ந்து எழுதினார். தடித்த அடிமரம் வளர்க்கும் செலவின்றி ஒளியை எட்டுவதே கொடியின் உபாயம் என்று அவர் கண்டார்.

கேம்பியர் இலையைப் பெருங்கொப்பரைகளில் காய்ச்சிச் சாற்றைக் கட்டியாக்கினர். தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது மேலைநாடுகளுக்குச் சென்றது. காய்ச்சியபின் எஞ்சிய இலைச்சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! ஆனால் அடுப்பெரிக்க விறகும், மிளகுக்கு ஊன்றக் கம்பும் காட்டிலிருந்தே வந்தன. மலபாரில் முள்முருங்கை போன்ற உயிர்மரங்களில் கொடியை ஏற்றுவது வழக்கம். அங்கே மரமும் வாழும், கொடியும் வாழும். இங்கோ மண் பதினைந்து இருபது ஆண்டுகளில் சாரமற்றுப் போக, தோட்டக்காரர் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் சென்றனர். 1840-களிலிருந்து பலர் ஜொகூருக்குப் பெயர்ந்தனர். காடு வெட்டிய கூலியாட்கள் பலர் புலிக்கு இரையாயினர். அவர்கள் பெயர் எந்தச் சாலைக்கும் சூட்டப்படவில்லை. கைவிடப்பட்ட நிலம் புதராயிற்று.

தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நாதானியேல் கான்ட்லி 1883-இல் காடுகளின் நிலை குறித்து அளித்த அறிக்கைக்குப் பின்னரே காப்புக் காடுகள் ஒதுக்கப்பட்டன. நமக்கு அண்மையிலுள்ள புக்கித் தீமா காடு அவ்வாறு எஞ்சியதே.

1990-இல் சுவா சூ காங்கிற்கு எம்ஆர்டி ரயில் வந்தது. அடுக்குமாடிகளின் நடுவே மிளகுத் தோட்டத்தின் சுவடு ஏதுமில்லை. வெண்பொங்கல் பிரசாதத்தில் நாம் இடும் மிளகு இப்போது கடல் கடந்து வருகின்றது.