பெரிய மாமாவின் ஸ்டாண்டர்டு 2000-மும் குற்றாலச் சாரலும்

போன ஆனி மாசம், சாரல் பிடிச்ச மூணாம் நாள், மேலகரத்திலிருந்து பெரிய மாமா போன் பண்ணினார். "மருமவனே, ஒரு எட்டு வந்துட்டுப் போ. உன் மச்சான் வண்டிக்குள்ள இருக்கற அம்புட்டையும் பிச்சுப் போடணுங்கான். நீ பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு."

வண்டின்னா சாதா வண்டி இல்லை. ஸ்டாண்டர்டு 2000. முப்பது வயசுக்குக் கீழே இருக்கறவங்க பேர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மாமா அதை 1990-களின் நடுவில் செகண்ட் ஹாண்டா வாங்கினார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்குப் பெருமை, குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்பது. அதுக்கு அடுத்தபடியா எங்க குடும்பத்துப் பெருமை, மாமா வீட்டுச் செட்டில் நிக்கிற இந்தக் கார்தான் :-)

மச்சான் துபாயில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன் ஒரு பட்டியல் போட்டு வெச்சிருந்தான். கறுப்பு லெதர் சீட்டு, பெரிய டச் ஸ்கிரீன், கூரையில கலர் கலரா லைட்டு. டேஷ்போர்டை அறுத்து எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு செய்யணுமாம்.

எதுக்கு வேண்டாம்னு சொன்னேன்னு புரியணும்னா இந்த வண்டியோட கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

சீமையில் பிறந்து வண்டலூருக்கு வந்தது

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்னு ஒரு கம்பெனி இருந்தது. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியோட கூட்டு. வான்கார்டு கார்ல ஆரம்பிச்சு, 1961-ல் ஹெரால்டு கொண்டு வந்தாங்க. ஹெரால்டுக்கு நாலு கதவு வெச்சு சலூனா செஞ்சது நம்ம ஊர்க்காரங்க மட்டும்தான், சீமையில் அது ரெண்டு கதவு வண்டி. அப்புறம் கஸல், அதுவும் 1977-ல் நின்னு போச்சு. சில வருஷம் கார் செய்யாமல் வேன் மட்டும் ஓட்டிட்டு, 1985-ல் ஒரே தாவாத் தாவி ஸ்டாண்டர்டு 2000-ஐக் கொண்டு வந்தார்கள்.

இது இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1976-ல் வெளிவந்து, 1977-க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருதை வாங்கியது. டேவிட் பாக் என்ற வடிவமைப்பாளர் ஃபெராரி டேடோனாவைப் பார்த்து மயங்கி, அந்தச் சாயலில் வரைந்த முகம். சீமையில் அதுக்குள்ள 3.5 லிட்டர் வி8 எஞ்சின். அதோட பந்தய ரகமான விட்டெஸை ஓட்டித்தான் ஆண்டி ரௌஸ் 1984-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். சொகுசுக் காரும் பந்தயக் காரும் ஒண்ணாச் சேர்ந்த வண்டி.

நம்ம ஊருக்கு வரும்போது அந்த எஞ்சின் வரலை. வான்கார்டு காலத்து நாலு சிலிண்டர் எஞ்சினைத் திருத்தி, 1991 சிசி-யில் மாட்டினார்கள். நம்ம ரோட்டுக்காக உயரத்தையும் கூட்டினார்கள். ஃபெராரிச் சாயல் உடம்புக்குள்ள அந்தக் காலத்து வேன் இதயம்! (ஒரு வேடிக்கை. இதே எஞ்சின் குடும்பம்தான் 1953-ல் டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. காகிதத்தில் பார்த்தா நம்ம வண்டிக்கும் ஸ்போர்ட்ஸ் ரத்தம் உண்டு.)

விலை அதிகம், பெட்ரோல் குடிக்கும், வேகம் போதாது. 1983-லேயே மாருதி வந்தாச்சு. சொகுசு வேணும்னவங்களுக்குக் கான்டெசாவும் பிரீமியர் 118 என்இ-யும் இருந்தன. மூணே வருஷத்துல, 1988-ல், கடையைக் கட்டினார்கள்.

உள்ளே இருப்பதுதான் அசல்

இங்கதான் என் வாதம். எஞ்சின் நம்ம ஊர்ல மாத்தினது, சஸ்பென்ஷன் மாத்தினது. ஆனா கதவைத் திறந்து உட்கார்ந்தா நீங்க உட்கார்வது பாக் வரைஞ்ச அந்த அறையிலதான்.

அந்த டேஷ்போர்டைப் பாருங்க. மீட்டரெல்லாம் தனியா ஒரு பெட்டிக்குள்ள, ஒரு அலமாரித் தட்டு மேல தூக்கி வெச்ச மாதிரி இருக்கும். டிரைவர் பக்கத்துல இருக்கறவருக்கு நேர் எதிரே காத்து வர்ற ஒரு துவாரம். எதுக்கு அங்க போய் வெச்சான்? இடது கை ஸ்டீரிங் நாடுகளுக்கு வண்டி செய்யும்போது, ஸ்டீரிங் தண்டு அந்தத் துவாரம் வழியாத்தான் போகும். மீட்டர் பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சாப் போதும். ஒரே டேஷ்போர்டு, ரெண்டு பக்கத்துக்கும். இந்தச் சூட்சுமத்தைத்தான் மச்சான் அறுத்து எடுக்கணும்னான்.

இன்னொண்ணு. பழைய ரோவர்னா மரமும் தோலும்தான்னு பேர். 1976-ல் எஸ்டி1 வந்தப்போ அது ரெண்டுமே உள்ளே கிடையாது. வேணும்னே விட்டார்கள், நவீனமா இருக்கணும்னு. ஆக, மர ஸ்டிக்கர் ஒட்டி, லெதர் போட்டு 'ராயல்' ஆக்கறதா நெனைச்சு நம்மாளுங்க செய்யறது, அதை வரைஞ்சவன் தள்ளி வெச்சதைத் திரும்பக் கொண்டு வர்றதுதான்.

அருவித் தண்ணியும் ரெக்சினும்

சரி, நம்ம ஊருக்கு வருவோம். குற்றாலத்துக்காரனுக்கும் கார் சீட்டுக்கும் தனி வரலாறு உண்டு. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் ஐந்தருவியில குளிச்சிட்டு ஈர வேட்டியோட, தலையில எண்ணெயோட வந்து வண்டியில உட்காருவாங்க. அதனால சீசன் டாக்ஸி அம்பாசடர்களில் துணி சீட்டைப் பார்க்கவே முடியாது. கெட்டியான ரெக்சின், அதுக்கு மேல ஒரு துண்டு. அழகுக்குச் செஞ்சது இல்லை, பிழைப்புக்குச் செஞ்சது.

மாமாவும் வண்டி வாங்கின மறு வாரமே தென்காசியில ஒரு குஷன் ஒர்க்ஸ்ல விட்டு, பழுப்பு நிறத் துணி சீட்டு மேலேயே ரெக்சின் கவர் தைச்சுப் போட்டுட்டார். இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல அதைக் கழட்டவே இல்லை.

அன்னிக்கு நானும், அந்த வேலையிலேயே தலை நரைச்ச ஒரு தையல்கார அண்ணாச்சியும் சேர்ந்து கழட்டினோம். முன் சீட்டு ரெண்டும், நம்ப மாட்டீங்க, வெயிலே படாத புதுத் துணி மாதிரி. மச்சான் வாயடைச்சு நின்னான். பின் சீட்டைத் திறந்தா நேர் எதிர். குளிச்சிட்டு வந்தவங்க உட்கார்ந்தது அங்கதான். தையல் ஓட்டை வழியா உள்ள இறங்கின தண்ணி வெளிய போக வழியில்லாம, துணி கறுத்து, பஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்தது. கவர் வெயிலைத் தடுத்திருக்கு, ஈரத்தைப் பூட்டி வெச்சிருக்கு.

"அண்ணாச்சி, கவர் போட்டது தப்பா?"ன்னு கேட்டேன். "போட்டது தப்பில்ல. வருசம் ஒருவாட்டியாவது கழட்டிக் காயப்போடாததுதான் தப்பு"ன்னார்.

செஞ்சதும் செய்யாததும்

முதல் வேலை, தரை மேட்டை முழுக்க எடுத்தது. வாசனை அங்கதான் இருந்தது. சீட்டை மாத்தி, மேட்டை விட்டா ஒரு பிரயோஜனமும் இல்லை. கீழே தகரத்தில் துரு ஆரம்பம். சுரண்டி, பிரைமர் அடிச்சு, அடைஞ்சு கிடந்த தண்ணி வடியும் ஓட்டைகளைக் குத்தி விட்டோம். டிக்கிக் கதவு பீடிங் இறுகிப் போய் அது வழியாத்தான் மழை உள்ள வந்திருக்கு. அதை மாத்தாம மேல எது செஞ்சாலும் வீண்.

ரூஃப் லைனிங் தொட்டில் மாதிரித் தொங்கினது. பலர் அதைத் திரும்பப் பசை போட்டு ஒட்டிடுவாங்க. நிக்காது. துணிக்குப் பின்னாடி இருக்கற மெல்லிய ஸ்பாஞ்சு மாவாப் போயிருக்கும். பலகையை வெளிய எடுத்து, மாவை எல்லாம் மென்மையான பிரஷ்ஷால தேய்ச்சுட்டு, சூடு தாங்கற ரப்பர் பசையில புதுத் துணி ஒட்டணும்.

டேஷ்போர்டுக்கு மாமா வருஷக்கணக்கா தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். பளபளன்னு இருக்கும், தூசி பூராவும் ஒட்டும். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. மிதமான சோப்புத் தண்ணி, ஈரத்துணி, அப்புறம் நிழல். அது போதும்.

டேஷ்போர்டை அறுக்கலை. ஏன்னு மச்சானுக்கு ஒரே ஒரு தகவல்தான் சொன்னேன். 2006-ல் அந்தக் கம்பெனியோட மிச்சம் மீதி உதிரி பாகங்களை ஏலம் விட்டப்போ, அதுல நிறைய இங்கிலாந்துக்கே திரும்பிப் போயிடுச்சு. ரோவர் பாகங்கள் விக்கற ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிட்டுப் போனாங்க. அங்கேயே தட்டுப்பாடு! அவன் நாட்டு வண்டிக்கு வண்டலூர்ல இருந்து பாகம் வாங்க வேண்டிய நிலைமை. "நீ இன்னிக்கு அறுத்துப் போட்டா, நாளைக்கு வேற ஒண்ணு இந்தியாவுல எங்க போய்த் தேடுவ?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் நாங்க ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஓட்டை போடாம, அறுக்காம, ஸ்குரூ கழட்டினா பழைய மாதிரி ஆகிற எதையும் அவன் செய்யலாம். பாட்டுக்கு வேண்டிய பெட்டி டேஷ்போர்டு டிராயருக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. போன் சார்ஜ் பண்ண ஒரு ஒயர். சீசனுக்கு மட்டும் மாட்டிக் கழட்டற மாதிரி பின் சீட்டுக்கு ஒரு ரெக்சின் விரிப்பு, அண்ணாச்சி தைச்சுக் கொடுத்தார். சாரல் மாசத்துல அடுப்புக்கரியை ஒரு துணிப்பையில கட்டி உள்ள வெச்சு, செட்டுக்குள்ள ரெண்டு கண்ணாடியை விரல் அளவு இறக்கி விடணும். இது மாமா பொறுப்பு.

வேலை முடிஞ்ச அன்னிக்கு மாமா டிரைவர் சீட்ல ஏறி, ரொம்ப நாளாப் பார்க்காத அந்தப் பழுப்புத் துணியைத் தடவிப் பார்த்தார். "இந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்லியே மருமவனே"ன்னார். சொந்தக் காரு, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல!

பின் சீட்டு இன்னும் பாக்கி. அதே நிறத்துல துணி தேடிட்டு இருக்கோம். உங்க ஊர்ல ஏதாவது செட்டுக்குள்ள ஒரு ஸ்டாண்டர்டு 2000 தூங்கிட்டு இருந்தா, அதுக்காரர்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. கவரைக் கழட்டிக் காயப்போடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் துணி கொஞ்சம் மிச்சமிருக்கான்னு எனக்காகக் கேளுங்க.